கியூரி, பெக்கரல், மில்லி ராண்ட்ஜன், மைக்ரோ சீவர்ட்: எதை எதுக்கு மாத்தணும்? என்டிடி ஆளுங்க உதவுங்க

கீழக்கரை_பையன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். இங்க என்டிடி (பொருளை ஒடைக்காமலே உள்ள குறை இருக்கான்னு சோதிக்கிற வேலை) ஃபீல்டுல இருக்கவங்க பாதிப் பேரு நம்ம ராம்நாடு பக்கத்து ஆளுங்கதான்னு தெரியும், அதான் வேற எங்கயும் போகாம இங்கயே கேக்குறேன். அல்ட்ராசோனிக்கும் பெனிட்ரன்ட்டும் லெவல் டூ முடிச்சாச்சு, இப்ப ஒரு கம்பெனியில கதிர் விட்டு வெல்டிங்கைப் படம் எடுக்குற ரேடியோகிராபி டீம்ல ட்ரெய்னியா போட்டுருக்காக. அடுத்த மாசம் வளைகுடா கம்பெனி ஒண்ணு இன்டர்வியூ எடுக்குது, சும்மா வாய்ப்பேச்சு இல்லையாம், பேப்பரைக் குடுத்து கணக்குப் போடச் சொல்லுவானாம்.

என் பிரச்சினை என்னன்னா எங்க மாமா அந்தக் காலத்துல அபுதாபியில ரேடியோகிராபரா இருந்தவுக, அவுக நோட்டைத்தான் வச்சுப் படிக்கிறேன், அதுல எல்லாமே கியூரியும் மில்லி ராண்ட்ஜனும்தான். ஆனா இங்க கம்பெனியில சோர்ஸ் (கதிர் விடுற பொருள்) கூட வந்த சர்டிபிகேட்ல 1.3 டெராபெக்கரல்னு போட்டுருக்கு, சீனியர் அதைப் பாத்துட்டு 35 கியூரிங்குறாரு. சர்வே மீட்டர் மைக்ரோ சீவர்ட் காட்டுது, பேனா மாதிரி சட்டைப் பையில குத்துற டோசிமீட்டர் 0-ல இருந்து 200 மில்லி ராண்ட்ஜன் வரைக்கும் கோடு போட்டுருக்கு. ஒரே சைட்டுல ஒரே ஆளு மேல நாலு யூனிட் தொங்குது.

1) கியூரியை டெராபெக்கரலா மாத்த ஈஸியா ஒரு வழி வேணும், கால்குலேட்டர் இல்லாம.
2) மில்லி ராண்ட்ஜனை மைக்ரோ சீவர்ட்டா எப்படி மாத்துறது?
3) 35 கியூரின்னா எத்தனை சீவர்ட்? இதுக்கு மட்டும் எங்க தேடியும் நேரா ஒரு பதில் இல்ல, ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றான்.

இதுல எங்க உம்மா வேற, நான் போன்ல யார்கிட்டயோ டெரா டெரான்னு பேசுனதைக் கேட்டுட்டு அந்த வேலையே வேணாம் வாப்பாகிட்ட சொல்றேன்னு நிக்கிறாக. 35-ன்னு மட்டும் சொல்லியிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக.

பரமக்குடி_பாண்டி

கூகுள்ல போட்டா ஒரு செகண்ட்ல வருமே ப்ரோ, இதுக்கு ஒரு போஸ்ட்டா

கீழக்கரை_பையன்

இன்டர்வியூ ஹால்ல போனை வாசல்லயே வாங்கிருவாங்களாம் ப்ரோ

தொண்டி_ஆர்டி

வ அலைக்கும் ஸலாம் தம்பி. உன் மூணாவது கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுதான் இன்டர்வியூவுல அவன் போடுற தூண்டில், மத்த ரெண்டும் வெறும் பெருக்கல்.

கியூரியை சீவர்ட்டா மாத்த முடியாது. எவனாச்சும் நேரா ஒரு நம்பர் குடுத்தான்னா என்ன சோர்ஸு, எத்தனை மீட்டர் தூரம், எவ்வளவு நேரம் நின்னே, நடுவுல என்ன தடுப்புன்னு எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு பேசுறான்னு அர்த்தம். கியூரியும் பெக்கரலும் சோர்ஸைப் பத்தின கணக்கு, அந்த கேப்ஸ்யூலுக்குள்ள ஒரு செகண்டுக்கு எத்தனை அணு சிதையுதுன்னு மட்டும்தான் சொல்லும். ரெம்மும் சீவர்ட்டும் உன்னைப் பத்தின கணக்கு. அடுப்புல எவ்வளவு தீ எரியுதுங்கறது வேற, பக்கத்துல நின்னவன் மேல எவ்வளவு சூடு பட்டுச்சுங்கறது வேற. அதே 35 கியூரி கேமராவுக்குள்ள (சோர்ஸை வச்சிருக்குற தடுப்புப் பொட்டி) பூட்டியிருக்குறப்ப நீ அதைக் கையில தூக்கிட்டுப் போற, வெளிய தள்ளுனா நூறு மீட்டர் தள்ளி நிக்கிற. சோர்ஸ் ஒண்ணுதான், சீவர்ட் எத்தனைன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?

சரி இப்ப பெருக்கல். சோர்ஸ் பக்கம் ஒரே நம்பர், 37. ஒரு கியூரின்னா செகண்டுக்கு 3,700 கோடி சிதைவு, ஒரு பெக்கரல்னா செகண்டுக்கு ஒண்ணே ஒண்ணு. அதனால கியூரியை 37-ஆல பெருக்கு, வர்றது கிகாபெக்கரல். உன் 35-ஐ 37-ஆல பெருக்குனா 1295 கிகா, மூணு புள்ளி தள்ளுனா 1.295 டெரா, அதைத்தான் சர்டிபிகேட்காரன் 1.3-ன்னு ரவுண்டா போட்டுருக்கான். மில்லி கியூரியை 37-ஆல பெருக்குனா மெகாபெக்கரல், மைக்ரோ கியூரின்னா கிலோபெக்கரல், நானோ கியூரின்னா வெறும் பெக்கரல். பெருக்குற நம்பர் மாறவே மாறாது, முன்னாடி ஒட்டுற சொல்லுதான் மாறும்.

டோஸ் பக்கம் 100. நூறு ரெம் ஒரு சீவர்ட், நூறு ராட் ஒரு கிரே (ராட்டும் கிரேயும் பொருள் உள்வாங்குன கதிர் சக்தியோட கணக்கு). சைட்டுல சீவர்ட் கணக்குக்கு யாரும் போகப்போறதில்ல (போனா ஆஸ்பத்திரியிலதான் பேசணும்), அதனால நீ மனப்பாடம் பண்ண வேண்டியது ஒண்ணுதான், ஒரு மில்லி ரெம்னா 10 மைக்ரோ சீவர்ட். காமாவுக்கு ஃபீல்டுல ராண்ட்ஜனையும் ரெம்மையும் ஒண்ணுக்கு ஒண்ணாத்தான் எடுப்போம், ஆக மில்லி ராண்ட்ஜன் மீட்டர் காட்டுறதோட ஒரு சைபர் சேத்தா மைக்ரோ சீவர்ட். உன் பேனா டோசிமீட்டர்ல 200-னு முடியுதுல்ல, அது 2000 மைக்ரோ, அதாவது 2 மில்லி சீவர்ட்.

இந்த ஒரு சைபர்ல என்ன நடக்கும்னு ஒரு சைட்டுல பாத்துருக்கேன். பழைய மீட்டரெல்லாம் கேலிபரேஷனுக்கு அனுப்பிட்டு அதுக்குப் பதிலா வேற மீட்டர் குடுத்தாங்க, மைக்ரோ சீவர்ட்ல. ஹெல்ப்பர் ஒருத்தன், பல வருஷமா மில்லி ராண்ட்ஜனே பாத்துப் பழகுனவன், சோர்ஸை உள்ள இழுத்துட்டு கேமரா ஒடம்புல மீட்டரை வச்சான், 400-னு காட்டுச்சு. சோர்ஸ் உள்ள வரல மாட்டிக்கிச்சுன்னு கத்திக்கிட்டே கிராங்க்கை (சோர்ஸை உள்ள வெளிய தள்ளுற கைப்பிடி) போட்டுட்டு ஓடிட்டான், அவன் பின்னாடி ஸ்காஃபோல்டிங்காரன்லாம் ஓடுறான். 400 மைக்ரோன்னா 40 மில்லி ரெம்தான், கேமரா மேல்பரப்புல மணிக்கு 2 மில்லி சீவர்ட் வரைக்கும் அனுமதியே இருக்கு, அதாவது 2000 மைக்ரோ. சிரிச்சுட்டு விட்டுட்டோம். ஆனா இதையே திருப்பி யோசிச்சுப் பாரு, மைக்ரோவுல பழகுன உன்னை மாதிரி புதுப்பையன் கையில மில்லி ராண்ட்ஜன் மீட்டரைக் குடுத்தா, அது 50-னு காட்டுனா, நீ 50 மைக்ரோதானேன்னு அங்கயே நின்னு டேப் ஒட்டிக்கிட்டு இருப்ப. பழைய ஆளு பயந்து ஓடுறதுல ஒரு நஷ்டமும் இல்ல, புது ஆளு பயப்படாம நிக்கிறதுதான் ஆபத்து. அதனால மீட்டரை வாங்குன உடனே முள்ளைப் பாக்காத, முதல்ல யூனிட்டைப் பாரு.

மண்டபம்_இயற்பியல்

தொண்டித் தம்பி சரியாகச் சொல்லியிருக்கார். நான் ஓய்வு பெற்ற பிசிக்ஸ் வாத்தியார், சும்மா இருக்க முடியாம ரெண்டு விஷயம் சேர்க்கிறேன், பொறுத்துக்குங்க.

இந்த 3,700 கோடிங்கிற விநோதமான எண் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, ஆரம்பத்துல அது எண்ணிக்கையே இல்ல. 1910-ல பிரஸ்ஸல்ஸ்ல கூடுன மாநாட்டுலதான் கியூரின்னு பேர் வச்சாங்க, பியரி கியூரி இறந்து நாலு வருஷம் கழிச்சு. ஒரு கிராம் ரேடியத்தோட சமநிலையில இருக்கிற ரேடான் அளவுன்னுதான் அப்ப வரையறை. அதாவது ஒரு கிராம் ரேடியத்தைத் தராசுல வச்சு அதோட ஒப்பிடுறது. அப்புறம் ரேடியத்தை அளந்துகிட்டே போகப் போக கிராமுக்கு எத்தனை சிதைவுங்கற எண் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருந்துச்சு. அளவுகோலே நெளிஞ்சா எப்படி? அதனால ரேடியத்தை விட்டுட்டு 3.7 பெருக்கல் பத்தின் பத்தாம் அடுக்குன்னு ஒரு எண்ணையே கெட்டியா வச்சுட்டாங்க. இன்னைக்குக் கணக்குல ஒரு கிராம் ரேடியம்-226 சுமார் 0.99 கியூரிதான் வரும். நடுவுல செகண்டுக்கு 10 லட்சம் சிதைவுன்னு ரூதர்ஃபோர்டு பேர்ல ஒரு அலகும் இருந்துச்சு, நிலைக்கல.

பெக்கரலும் கிரேயும் வந்தது 1975-ல, சீவர்ட் 1979-ல, ரெண்டுமே எடை அளவுகளுக்கான பொது மாநாட்டு முடிவு. உண்மையில பெக்கரலுக்குத் தனிப்பேரே தேவையில்ல, அது வெறும் செகண்டுக்கு ஒண்ணு, ஹெர்ட்ஸ் மாதிரி. ஆனா மனுஷன் உடல்நலம் சம்பந்தப்பட்ட இடத்துல செகண்டுக்கு இத்தனைன்னு மொட்டையா எழுதுனா குழப்பம் வந்து யாருக்காவது ஆபத்தாகும்னுதான் தனிப்பேர் குடுத்தாங்க. குழப்பம் தீர்க்க வந்த பேர்தான் இப்ப தம்பியைக் குழப்புது, அது வேற கதை.

ரெண்டாவது, ராண்ட்ஜனும் ரெம்மும் ஒண்ணுக்கு ஒண்ணுங்கறது வேலைக்கான கணக்கு, பரீட்சையில கறாரா கேட்டா அப்படி எழுதக்கூடாது. ராண்ட்ஜன் காத்துல உண்டாகிற மின்னூட்டத்தை அளக்குது, ஒரு கிலோ காத்துக்கு 2.58 பெருக்கல் பத்தின் மைனஸ் நாலாம் அடுக்கு கூலும். ஒரு ராண்ட்ஜன் காத்துக்குக் குடுக்கிறது 0.876 ராட், மனுஷ சதைக்குன்னா சுமார் 0.96 ராட். ஒண்ணுன்னு எடுத்தா கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும், பாதுகாப்புப் பக்கம் சாயுறதால யாரும் கண்டுக்கிறதில்ல. ராட்ல இருந்து ரெம்முக்கு வர்றப்ப காமாவுக்கும் எக்ஸ்ரேக்கும் ஒண்ணால பெருக்குறோம், ஆல்ஃபாவுக்கு 20-ஆல பெருக்கணும். ஆக ராட் வேற ரெம் வேற, உங்க ரேடியோகிராபி சோர்ஸான இரிடியத்துல ரெண்டும் ஒரே எண்ணா வர்றதால வேற வேறன்னு தெரியாம போகுது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இது கணக்குப் பிடிச்சவங்களுக்கு. திருப்பி மாத்த, அதாவது டெராபெக்கரலைக் கியூரியாக்க, 27-ஆல பெருக்கணும். கிகாவை 27-ஆல பெருக்குனா மில்லி கியூரி, மெகாவைப் பெருக்குனா மைக்ரோ கியூரி. வகுக்கிற வேலையே இல்ல. ஏன் 27? 27-ஐ 37-ஆல பெருக்கிப் பாருங்க, 999. ஆயிரத்துக்கு ஒண்ணு குறைவு. 35 வருஷம் பிளாக்போர்டுல இதை எழுதும்போதெல்லாம் கடைசி பெஞ்சுல ஒருத்தனாவது நிமிர்ந்து உக்காருவான்.

கீழக்கரை_பையன்

மாஷா அல்லாஹ் சார், 999 மேட்டர் செம. 1.3-ஐ 27-ஆல பெருக்கிப் பாத்தேன் 35.1 வருது, இனிமே மறக்காது.

தொண்டி காக்கா, இன்னும் ரெண்டு டவுட்டு. கேமரா பொட்டி மேல மஞ்சள் லேபிள் ஒட்டியிருக்கு, அதுல ஆக்டிவிட்டி டெராபெக்கரல்ல எழுதியிருக்கு சரி, கீழ ஒரு கட்டம் போட்டு டிரான்ஸ்போர்ட் இன்டெக்ஸ் 0.4-னு எழுதியிருக்கு, அதுக்கு யூனிட்டே இல்ல. அது எந்தக் கணக்கு? அப்புறம் பேரிகேட் (ஆளுங்க உள்ள வராம கட்டுற எல்லை) தூரம் மாமா நோட்டுல மணிக்கு 2 மில்லி ராண்ட்ஜன் வர்ற இடம்னு இருக்கு, ஆனா இப்ப போகப்போற கம்பெனி மேனுவல்ல 7.5 மைக்ரோ சீவர்ட்னு போட்டுருக்கு. எது கூட எது கம்மி?

தொண்டி_ஆர்டி

டிரான்ஸ்போர்ட் இன்டெக்ஸ் நல்ல கேள்வி, பத்து வருஷம் சர்வீஸ் போட்டவனே முழிப்பான். பொட்டியில இருந்து ஒரு மீட்டர் தள்ளி அளந்து, மணிக்கு எத்தனை மில்லி சீவர்ட்னு பாத்து அதை 100-ஆல பெருக்கி எழுதுறது. 100-ஆல பெருக்குனா என்ன ஆச்சு? மில்லி ரெம் ஆச்சு! யூனிட்டை ஒளிச்சு வச்சுட்டு பழைய மில்லி ரெம்மையே எழுதிக்கிட்டு இருக்கான் இன்னைக்கு வரைக்கும். உன் 0.4-ன்னா ஒரு மீட்டர்ல மணிக்கு 0.4 மில்லி ரெம், நம்ம சைபர் சேத்தா 4 மைக்ரோ சீவர்ட். வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் தள்ளி மீட்டரைப் பிடிச்சு 4 பக்கம் வருதான்னு பாத்துக்க, 40 வந்தா வண்டியை எடுக்காத, ஆர்எஸ்ஓ-வுக்கு (கதிர் பாதுகாப்பு அதிகாரி) போன் போடு.

பேரிகேட்டு. 2 மில்லி ராண்ட்ஜன்னா 20 மைக்ரோ. 7.5 மைக்ரோன்னா 0.75 மில்லி ராண்ட்ஜன். அப்ப 7.5-தான் கறார், தூரம் கூடுதலாப் போகும். 2-ங்கறது அமெரிக்கக் கணக்கு, 7.5 பிரிட்டன்காரன் கணக்கு, வளைகுடாவுல எந்தக் கம்பெனிக்கு எந்த நாட்டுக் கன்சல்டன்ட்டோ அதுதான் ஓடும், போன உடனே எது உங்க சைட்டு லிமிட்னு கேட்டு எழுதி வாங்கிக்க.

கணக்கைப் போட்டே காட்டுறேன், இதுதான் பேப்பர்ல வரும். இரிடியம்-192 ஒரு கியூரிக்கு ஒரு மீட்டர்ல மணிக்கு சுமாரா அரை ராண்ட்ஜன். உன் 35 கியூரிக்கு 17.5 ராண்ட்ஜன், அதாவது 17,500 மில்லி ராண்ட்ஜன். தூரத்தோட வர்க்கத்துக்குத் தக்க குறையும், அதனால 2-ஆல வகுத்தா 8,750, அதுக்கு வர்க்கமூலம் 93 மீட்டர் சொச்சம். அதே 0.75-ன்னா 152 மீட்டர் சொச்சம். கதிரை ஒரு பக்கமா மட்டும் விடுற காலிமேட்டர் போடாம, சுவர் தடுப்பு ஒண்ணும் இல்லாம வெட்டவெளியில. புது யூனிட்லயே போடணும்னா ஒரு கிகாபெக்கரலுக்கு ஒரு மீட்டர்ல மணிக்கு 0.13 மில்லி சீவர்ட்னு வச்சுக்க, 1,295-ஐ அதால பெருக்குனா 168 மில்லி சீவர்ட், அதை 7.5 மைக்ரோவால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 150 மீட்டர். ரெண்டு வழியும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலயே வந்து நிக்குது பாரு, வரலைன்னா எங்கயோ மில்லியும் மைக்ரோவும் கலந்துருச்சுன்னு அர்த்தம். பழைய யூனிட்டும் தெரிஞ்சிருந்தா இதுதான் லாபம், ஒண்ணை வச்சு இன்னொண்ணை செக் பண்ணலாம், உங்க மாமா நோட்டைத் தூக்கிப் போட்டுறாத.

இன்னொரு விஷயம் மனசுல ஏத்திக்க. நம்ம நாட்டுல ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கணக்குப்படி ரேடியேஷன் வேலைக்காரனுக்கு அஞ்சு வருஷ சராசரியா வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30-ஐத் தாண்டக்கூடாது. உன் 35 கியூரி வெளிய இருக்குறப்ப ஒரு மீட்டர்ல நின்னா ஏழு நிமிஷத்துல அந்த 20 முடிஞ்சுரும். பத்து சென்டிமீட்டர்னா நூறு மடங்கு, அங்க மணிக்கு 17 சீவர்ட் பக்கம். உம்மா பயப்படுறது டெராங்கற பேருக்கில்ல இதுக்குன்னா நியாயம்தான், அவுககிட்ட மீட்டர் இல்லாம கேமரா பக்கமே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிக்குடு.

ராம்நாடு_நியூக்மெட்

நான் மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், சொந்த ஊரு தேவிபட்டினம். உங்க ஆளுங்க கியூரியிலயும் டெராவிலயும் வெளையாடுறீங்க, எங்ககிட்ட எல்லாம் மில்லிதான். டாக்டருங்க இன்னமும் மில்லி கியூரியிலதான் எழுதுவாங்க, எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீஷியம் 20 மில்லி கியூரின்னு, ரிப்போர்ட்ல 740 மெகாபெக்கரல்னு போவும். ஊசி மருந்தோட ஆக்டிவிட்டியை அளக்குற டோஸ் கேலிபரேட்டர்ல ஒரு பட்டன் அமுக்குனா ரெண்டுக்கும் மாறும், எந்த மோடுல இருக்குன்னு பாக்காம ஊசியை உள்ள வச்சா நம்பரைப் பாத்துத் திக்னு இருக்கும்.

தைராய்டுக்கு அயோடின்-131 வாங்குன ஒரு அம்மா, நம்ம ஏர்வாடிப் பக்கம், பழைய சீட்டுல 10 மில்லி கியூரி, அடுத்த தடவை வேற ஆஸ்பத்திரி சீட்டுல 370 மெகாபெக்கரல். அவங்க மகன் துபாய்ல இருந்து போன்ல சண்டை, எங்கம்மாவுக்கு 37 மடங்கு ஏத்திட்டீங்களான்னு. ரெண்டும் ஒண்ணுதான் தம்பின்னு சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

எங்களுக்கு உண்மையான பயம் எங்கன்னா கையெழுத்துல. மைக்ரோவுக்கு கிரேக்க எழுத்து மியூவை அவசரத்துல கிறுக்குனா மில்லி மாதிரி தெரியும். மைக்ரோ கியூரியில குடுக்க வேண்டிய அப்டேக் டெஸ்ட் (தைராய்டு எவ்வளவு அயோடினை இழுக்குதுன்னு பாக்குறது) டோஸை மில்லின்னு படிச்சா ஆயிரம் மடங்கு, அது டெஸ்ட் இல்ல ட்ரீட்மென்ட், தைராய்டே போயிரும். அதனால எங்க டிபார்ட்மென்ட்ல மைக்ரோவை முழுசா எழுத்துல எழுதணும்னு ரூல். சின்ன எம், பெரிய எம் தகராறு வேற, ஆனா அதுல ஒரு சௌகரியம், கியூரிக்கு முன்னாடி எங்களுக்கு மில்லிதான் வரும், பெக்கரலுக்கு முன்னாடி மெகாதான் வரும், மெகா கியூரின்னு ஒருத்தன் எழுதுனா அவனைக் கையோட கூட்டிட்டு வந்து உக்கார வச்சு விசாரிக்கணும்.

மூக்கையூர்_வலை

இதெல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கு ஒரு டவுட்டு. ஜப்பான்காரன் ஃபுகுஷிமா தண்ணிய கடல்ல விடுறான் வருஷத்துக்கு 22 டெராபெக்கரல்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. 22 லட்சம் கோடி! மீன் சாப்பிடுறவன் செத்தான்னு போட்டுருந்தான். எங்க யாவாரி வேற அதைக் காட்டி வெலையைக் கொறைக்கப் பாக்குறான். நெசமா?

மண்டபம்_இயற்பியல்

22 டெராங்கறது நிஜம், அவங்க வச்சிருக்கிற வருஷ உச்சவரம்பு அது, 2023 ஆகஸ்ட்ல விட ஆரம்பிச்சாங்க. ஆனா அது டிரிட்டியம், அதாவது ஹைட்ரஜனோட கதிரியக்க வகை. மேல சொன்ன 27-ஆல பெருக்குங்க, 594, அதாவது அறுநூறு கியூரிக்குக் கிட்ட. இப்ப எடையில பாருங்க, ஒரு கிராம் டிரிட்டியமே 9,600 கியூரிக்கு மேல, ஆக வருஷம் பூரா விடுறது 0.06 கிராம். பெக்கரல் ரொம்பச் சின்ன அலகு, எதை எழுதுனாலும் கோடிக்கணக்குல வரும், பயமுறுத்தணும்னு நினைக்கிறவனுக்கு வசதி. பழைய கியூரி எதிர்ப்பக்கம், ரொம்பப் பெரிய அலகு, நானோ பிகோன்னு எழுதி எதையும் ஒண்ணுமில்லாத மாதிரி காட்டலாம். ரெண்டுலயும் ஏமாத்தலாம்.

அதுவும் டிரிட்டியத்தோட பீட்டா கதிர் ரொம்ப பலவீனம், தோலையே தாண்டாது. இரிடியத்தோட ஒரு டெராவும் டிரிட்டியத்தோட ஒரு டெராவும் பெக்கரல்ல ஒண்ணுதான், மனுஷனுக்குப் படுற சீவர்ட்ல மலைக்கும் மடுவுக்கும். கீழக்கரைத் தம்பியோட மூணாவது கேள்விக்கும் இதேதான் பதில்.

நம்ம மன்னார் வளைகுடாத் தண்ணியையே எடுத்துக்குங்க, எந்தக் கடல்தண்ணியிலயும் லிட்டருக்கு 0.4 கிராம் அளவுல பொட்டாசியம் இருக்கு, இயற்கையா அதுல இருக்கிற பொட்டாசியம்-40 மட்டும் லிட்டருக்கு 12 பெக்கரல் பக்கம். உங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான். உங்க உடம்புலயே பொட்டாசியத்தால மட்டும் நாலாயிரம் பெக்கரல் ஓடிக்கிட்டு இருக்கு. யாவாரிக்கும் ஓடுது, அவர்கிட்ட சொல்லுங்க.

மூக்கையூர்_வலை

😂😂 நாளைக்கு ஏலத்துல சொல்றேன் சார். நாலாயிரம் உள்ள யாவாரி பன்னெண்டு உள்ள தண்ணிய பாத்து பயப்படுறாருன்னு

மண்டபம்_இயற்பியல்

அது லிட்டருக்கு 12, இது ஆளுக்கு 4,000. அலகு வேற வேற, பாத்து.

கீழக்கரை_பையன்

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ், நன்றி. மாமா நோட்டுல ஒரு கணக்கு விடை இல்லாம கெடந்துச்சு, போட்டுப் பாத்தேன், காக்கா சரியான்னு சொல்லுங்க. சர்டிபிகேட் தேதியில 60 கியூரி இரிடியம்-192, இன்னைக்கு 148 நாள் ஆச்சு, பேரிகேட் எவ்வளவு?

அரை ஆயுள் 74 நாள், 148-ன்னா ரெண்டு அரை ஆயுள், 60 பாதி 30 அதுல பாதி 15 கியூரி. புது யூனிட்ல 2.22 டெராவா இருந்தது 0.555 டெரா. ஒரு மீட்டர்ல 7.5 ராண்ட்ஜன், அதாவது 7,500 மில்லி ராண்ட்ஜன். 7.5 மைக்ரோ லிமிட்னா 0.75-ஆல வகுத்தா 10,000, வர்க்கமூலம் 100. நூறு மீட்டர்.

தொண்டி_ஆர்டி

சரி. தேதியைப் பாத்தியே அதுதான் முக்கியம், பாதிப்பேரு சர்டிபிகேட்ல இருக்குற நம்பரை அப்படியே எடுத்துப் போட்டுட்டு வருவான்.

இதுக்கு அடுத்த கேள்வி அவன் கேப்பான், முதல் நாள் ஒரு ஜாயின்ட்டுக்கு 3 நிமிஷம் எக்ஸ்போசர்னா இன்னைக்கு எவ்வளவுன்னு. கியூரி கால்வாசி ஆயிருச்சு, அதே ஃபிலிம் டென்சிட்டி வேணும்னா நேரம் நாலு மடங்கு, 12 நிமிஷம். எக்ஸ்போசர் சார்ட் கியூரி-நிமிஷத்துல போட்டுருக்கா டெராபெக்கரல்-நிமிஷத்துலயான்னு ஓரத்துல பாத்துக்க, சில சார்ட்ல அச்சடிச்சது ஒண்ணு, பேனாவுல எழுதி வச்சது வேற ஒண்ணா இருக்கும், அச்சடிச்சதை நம்பு. நம்ம ஊருலயே ராமநாதபுரம்-தூத்துக்குடி கேஸ் லைன் 143 கிலோமீட்டர் போட்டாங்கள்ல, அந்த மாதிரி லைன் வேலைன்னா ஒரு நாளைக்கு எத்தனை ஜாயின்ட் படம் எடுக்க முடியும்ங்கறதே இந்தக் கணக்குலதான் நிக்குது, அதனால சோர்ஸ் பழசான உடனே மாத்தச் சொல்லி சூப்பர்வைசர் கத்துவான், மாத்துன அன்னைக்கு பேரிகேட்டையும் தள்ளிப் போடணும்ங்கறதை அவன் கத்த மாட்டான், அதை நீதான் பாத்துக்கணும்.

இன்டர்வியூ எந்த ஊர்ல, சென்னையா மும்பையா? மும்பைன்னா தனி மெசேஜ்ல வா, தங்குறதுக்கு நம்ம ஆளுங்க ரூம் இருக்கு.